சம்பந்திக்கு வைத்த லென்ஸ்

குமாரவேல் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நம்புகிறார்கள் என்றாவது குமாரவேல் நம்பிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று தரகர் விட்ட உதார் அது. "லாஞ்சு ஓனருங்க. ஆள் வச்சு ஓட்டுறாரு. கரையில ஒக்காந்துகினு மேப்பார்வ பாக்குறதோட சரி" என்று அவர் எடுத்துவிட்டபோது குமாரவேல் மறுக்கவில்லை. காபி டம்ளரைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். அன்று ஆட்டிய தலையை அதற்குப் பிறகு நிமிர்த்தவே முடியவில்லை.

லாஞ்சு என்கிற விசைப்படகு இருந்தது உண்மை. ஆள் வைத்து ஓட்டுவதுதான் பொய். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் எத்தனையோ டிரைவர்கள் இருந்தும் தன் லாஞ்சை நம்பிக் கொடுக்கிற மாதிரி ஒருவனும் அவர் கண்ணில் படவில்லை. அவருடைய சுக்கானை அவரே பிடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். மற்ற எல்லா விஷயத்திலும் மனைவி மங்கம்மா சொல்கிறபடி கேட்கிற மனுஷன், இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

சம்பந்தி தேசப்பனும் அதே ஜனம்தான், திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் வாலிபத்திலேயே வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். வீட்டிலிருக்கும்போதும் சட்டையை இன் பண்ணியிருப்பார். அவர் முன்னால் உட்கார்ந்தால் குமாரவேலுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. மகளைப் பார்க்கப் போகிற நாளில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, பவுடர் பூசி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு கிளம்புவார்.

"இன்னாயா, பொண்ணு பாக்கப் போறது நீயா?" என்று மங்கம்மா கேலி செய்வாள்.

"சொம்மா இரு. அவங்க வேற மாதிரி ஆளுங்க" என்பார் குமாரவேல்.

சுனாமி முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது குழந்தைக்கு ஜுர மருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்று மகள் ஜோதிகா தடுமாறினாள். பாட்டிலில் இருந்த எழுத்து எறும்பு முட்டையைவிடச் சின்னது. தேசப்பன் அதை வாங்கி, கண்ணாடி கிண்ணாடி எதுவும் இல்லாமல், கடகடவென்று படித்தார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, தெருமுனையில் திரும்பிய பஸ்ஸின் நம்பரையும் சொன்னார். பந்தியில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பொரை ஆபரேஷன் பண்ணப்போ புது லென்சு வச்சுகினேன் சம்பந்தி. தூரமும் தெரியும், கிட்டயும் தெரியும். கண்ணாடியே வோணாம்" என்றார் தேசப்பன்.

குமாரவேலின் கண்ணிலும் புரை விழுந்துதான் இருந்தது. நடுப்பகலில் கடல் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி தெரியும். அதை அவர் வெயிலின் மேல் பழி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அது ஒரு வாய்ப்பாகத் தோன்றிவிட்டது. சம்பந்தி வைத்த அதே லென்ஸ். அதே ஆஸ்பத்திரி. மற்றதில் எல்லாம் எட்டாத ஆளை இந்த ஒன்றிலாவது எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஒரு சின்ன ஆசை. ஆசைப்பட்டதில் தப்பில்லை. அதற்கு அவர் போன வழிதான் தப்பு.

"நானே இட்டுகினு போறேன் சம்பந்தி. டாக்டரம்மா எனக்குத் தெரிஞ்சவங்க" என்று தேசப்பன் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? குமாரவேல் பவுடர் பூசிக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் அரை நாள் போனது. வட்டம் வட்டமாய்ச் சிவப்புக் கோடு போட்ட ஒரு கூண்டுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். இருட்டறையில் உட்காரவைத்துக் கண்ணை அளந்தார்கள். கடைசியில் டாக்டரம்மாவின் அறை. ஒரு நாற்காலியில் குமாரவேல், பக்கத்து நாற்காலியில் சம்பந்தி.

டாக்டரம்மா அவசரப்படுகிறவர் இல்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க சம்பந்திக்கு இந்த லென்ஸ் நல்லா அமைஞ்சுடுச்சு. அதுக்காக உங்களுக்கும் அமையும்னு சொல்ல முடியாது. லென்ஸ் ஒண்ணுதான். கண்ணு வேற."

"கண்ணுல இன்னா வித்தியாசம் டாக்டரம்மா?" என்று கேட்டார் குமாரவேல்.

"நிறைய இருக்கு. இந்த லென்ஸ்ல வட்ட வட்டமா மெல்லிசு வரி இருக்கும். உள்ள வர்ற வெளிச்சத்த அது பங்கு போட்டு, கொஞ்சத்த தூரத்துக்கும் கொஞ்சத்த கிட்டத்துக்கும் குடுக்கும். பகல்ல பெரிசா தொந்தரவு இருக்காது. இருட்டுல எல்லாருக்கும் கண்மணி விரியும் இல்லையா, உங்களுக்கு மத்தவங்கள விட ரொம்பவே விரியுது. இவருக்கு அப்படி இல்ல, இருட்டுலயும் சின்னதாத்தான் இருந்துச்சு." தேசப்பன் பெருமையோடு தலையாட்டினார். டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதன் நடுவில் புள்ளி வைக்காமல் ஓரமாய் வைத்தார். "இன்னொண்ணு. எல்லாரும் கண்மணிக்கு நடுவாலதான் பாக்கறாங்கன்னு நெனப்போம். அப்படி இல்ல. உங்க பார்வை மூக்குப் பக்கமா நல்லா தள்ளிப் போகுது. லென்ஸ நான் நடுவுல வச்சாலும் நீங்க அதோட நடுவால பாக்க மாட்டீங்க, ஓரத்தால பாப்பீங்க. அப்புறம் இந்த ரெண்டு கண்ணுலயும் மூக்கோரமா சதை வளந்திருக்கு. சின்னதுதான், ஆனா கருவிழிய லேசா இழுத்து வச்சிருக்கு. வெயில்லயும் காத்துலயும் ரொம்ப நாள் நின்னவங்களுக்கு வர்றது. என்ன வேலை பாத்தீங்க?"

குமாரவேலுக்குச் சுரீரென்றது. பவுடரும் வெள்ளைச் சட்டையும் என்ன செய்யும், கண்ணுக்குள்ளேயே கடல் எழுதி வைத்திருக்கிறதே. "சின்ன வயசுல கடலுக்குப் போனதுங்க" என்றார்.

"இப்போ?"

"இப்ப போறதில்லீங்க."

"ஏன் கேக்கறேன்னா, உங்க மாதிரி கண்ணுக்கு இத வச்சா இருட்டுல ஒவ்வொரு விளக்கையும் சுத்தி வளையம் வளையமா தெரியும். சில பேருக்குப் போகப்போகக் கொறையும், உங்களுக்குக் கொறையும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். ராத்திரி வண்டி ஓட்றது, இருட்டுல வேலை பாக்கறது, அந்த மாதிரி எதாவது இருந்தா இது வேண்டாம். சாதா லென்ஸ் வச்சுக்கலாம். தூரம் பளிச்சுன்னு தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கணும். அவ்வளவுதான். இருட்டுல வேலை எதாவது உண்டா?"

தேசப்பன் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை ரொம்ப அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். குமாரவேலுக்குத் தொண்டை வரைக்கும் உண்மை வந்துவிட்டது. உண்டு டாக்டரம்மா, நான்தான் லாஞ்சு ஓட்டுகிறேன், விடிவதற்கு முன்னால்தான் துறைமுகத்துக்குள்ளே நுழைவேன் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த இன் பண்ணின சட்டை அதை உள்ளே தள்ளிவிட்டது.

"ராத்திரி வேல ஒண்ணும் கெடயாதுங்க. வூட்டோட கீறேன்" என்றார்.

"நிச்சயமா?"

"ஆள் வச்சு ஓட்றேங்க" என்று சிரிக்கவும் செய்தார். தரகரின் வார்த்தை அப்படியே அவர் வாயில் வந்தது.

இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்த நாலைந்து நாளில் குமாரவேல் பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. தீப்பெட்டியின் பின்பக்கம், சோப்பு உறை, கரண்ட் பில், எது கைக்குக் கிடைத்தாலும் உரக்கப் படித்தார். மங்கம்மாவின் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இன்னா இத்தினி சுருக்கம் உழுந்துச்சு ஒனக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்குப் போய், அதே ஜன்னலில் நின்று, அதே பஸ்ஸின் நம்பரைச் சொல்லிவிட்டும் வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் சொன்ன நாள் கழிந்ததும் லாஞ்சு ஏறினார். போகும்போது பகல். அலையின் ஒவ்வொரு நெளிவும் தெரிந்தது. வலையில் விழுந்த வஞ்சிரத்தின் புள்ளிகூடத் தெரிந்தது. மங்கம்மாவின் தம்பி உதயாவுக்கும் அதே லாஞ்சில்தான் வேலை. நாற்பதைத் தாண்டியவன், மூன்று பிள்ளைக்காரன், வார்த்தையை அளந்து பேசுகிறவன். "மாமா பத்து வயசு கொறஞ்ச மாதிரி கீற" என்று அவனே சொன்னான். குமாரவேல் மீசையை நீவிக்கொண்டார்.

திரும்பி வரும்போதுதான் விஷயம் தெரிந்தது. இருட்டில் வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களின் விளக்குகள் விளக்காக இல்லை. ஒவ்வொன்றைச் சுற்றியும் வளையம், அதைச் சுற்றி இன்னொரு வளையம். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கி உச்சியின் சிவப்பு விளக்கு சைக்கிள் சக்கரம் அளவுக்கு விரிந்து நின்றது. துறைமுக வாயின் பச்சையும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பின. கண்ணைக் கசக்கினார், மூடித் திறந்தார், தண்ணீர் விட்டுக் கழுவினார். வளையம் நகரவில்லை. அன்று வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முன்னே போன லாஞ்சின் பின்னாலேயே ஒட்டிப்போய் எப்படியோ கரை சேர்ந்தார்.

டாக்டரம்மா சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடந்திருந்தது. நியாயமாக அவரிடம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் போனால் என்ன சொல்வது? இருட்டில் எங்கே போனீர்கள் என்று கேட்பார். கூட வர சம்பந்தி தயாராக நிற்பார். மறுபடி காட்ட வேண்டிய நாளில் குமாரவேலுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. போகப்போகக் குறையும் என்று டாக்டரம்மா சில பேருக்கு என்று சொன்னதைத் தனக்கும் எடுத்துக்கொண்டார். சுக்கானை உதயாவிடம் கொடுத்திருக்கலாம், அவனுக்கும் ஓட்டத் தெரியும். ஏன் என்று அவன் கேட்பானே. கேட்டால் மங்கம்மாவுக்குப் போகும், மங்கம்மாவிடமிருந்து ஜோதிகாவுக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் ஊர் முழுக்க அவர் பயப்பட வேண்டிய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் அவருடைய சொந்தக்காரர்கள்.

அப்படியே சில நடை போய் வந்தார். ஒருநாள் விடிவதற்குச் சற்று முன்னால், துறைமுக வாய்க்கு வெளியே, ஜெயக்கொடியின் ஃபைபர் போட்டின் மேல் லாஞ்சை ஏற்றிவிட்டார்.

ஜெயக்கொடி குமாரவேலின் குப்பத்துக்காரர்தான். வலை விட்டுவிட்டு, போட்டின் கம்பில் ஒரு சின்ன பேட்டரி பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, காத்திருந்தார். அந்தப் பல்பு குமாரவேலின் கண்ணில் இருந்த வளையங்களுக்குள் எங்கோ கரைந்துபோயிருந்தது. லாஞ்சின் முன்பக்கம், அணியத்தில் நின்ற உதயா அதைப் பார்த்தான். கையை வீசிக்கொண்டு கத்தினான். "மாமா, போட்டு, போட்டு, திருப்பு" என்று அவன் கத்தியது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் குமாரவேலின் காதில் விழுந்தது. எந்தப் பக்கம் திருப்புவது? எங்கே இருக்கிறது போட்டு? அவர் பார்த்த திசையெல்லாம் ஒளி வட்டம்தான் இருந்தது. திருப்பினார். திருப்பிய பக்கத்தில்தான் போட்டு இருந்தது.

இடித்த சத்தம் அவ்வளவு பெரிதாகக்கூட இல்லை. ஜெயக்கொடி தண்ணீரில் குதிப்பதற்கு முன்னால் அவருடைய வலது கை லாஞ்சுக்கும் போட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உதயாதான் கடலில் குதித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏலத்துக்கு வந்த பெண்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், மற்ற லாஞ்சுக்காரர்கள். ஜெயக்கொடியின் கை தொங்கிய கோலத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் குமாரவேல் பக்கம் திரும்பினார்கள். "இன்னாபா ஆச்சு, எப்டி ஏறுன?" என்று யாரோ கேட்டார்கள். அப்போது அவர் வாயிலிருந்து வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை.

"அணியத்துல நின்னவன் சத்தம் குடுக்கலயே. நா இன்னா பண்ணுவேன்?" என்றார்.

உதயா ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். அக்காள் புருஷனை ஏறிட்டுப் பார்த்தான். ஜெயக்கொடியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

சொன்ன சொல் அன்று மத்தியானத்துக்குள் ஊர் சுற்றி வந்தது. சுற்றி வரும்போது கொஞ்சம் சதையும் போட்டுக்கொண்டது. உதயா தூங்கிவிட்டானாம், குடித்திருந்தானாம், பாட்டிலைப் பார்த்தவர்கள் உண்டாம். ஜெயக்கொடியின் விரல் மூன்றை எடுத்துவிட்டார்கள். மீதிக் கை வலை இழுக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பஞ்சாயத்து என்று ஊர்த் தலைவரான நாட்டார் சொல்லி அனுப்பினார். அணியத்தில் நின்று தூங்கினவனை எந்த லாஞ்சிலும் ஏற்றக் கூடாது என்பது அங்கே எழுதாத கட்டுப்பாடு. பஞ்சாயத்தில் அது தீர்ப்பாகிவிட்டால் காசிமேட்டில் உதயாவுக்கு வேலை என்பதே இல்லை. மூன்று பிள்ளைகளோடு அவன் எங்கே போவான் என்று குமாரவேலுக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தார்.

மங்கம்மா அன்று சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"என் தம்பி தூங்குனானா?"

குமாரவேல் சோற்றைப் பிசைந்தார்.

"ஒன்னதான் கேக்குறேன். அவன் குடிச்சானா, தூங்குனானா, நீ பாத்தியா?"

"எஞ்சின் சத்தம் மங்கா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"கேக்கலன்றது வேற. கத்தலன்றது வேற" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அந்தச் சோறு அவருக்கு இறங்கவில்லை. கையைக் கழுவும்போது கை முழுக்க ஒவ்வொரு ரேகையும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன பிரயோசனம்?

மறுநாள் சாயங்காலம் உதயா வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்று, "மாமா, ஒண்ணு கேக்கவா" என்றான்.

"உள்ள வாடா."

"பரவால்ல. நா கத்துனது ஒனக்குக் கேட்டுச்சு. நீ திரும்பிப் பாத்தத நா பாத்தேன். கண்ணத் தொறந்து வச்சுகினே பாத்த, பாத்துகினே ஏறுன. அதான் எனக்குப் புரியல. ஒனக்கு இன்னா ஆச்சு?"

குமாரவேலால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பஞ்சாயத்துல நா பேசிக்கிறேன், ஒனக்கு ஒண்ணும் ஆவாது" என்று பொதுவாக ஏதோ சொன்னார். உதயா "சரி மாமா" என்று போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாலு பேர் பார்க்கச் சட்டையைப் பிடித்திருந்தால், கோபித்துக்கொள்ளவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அவன் மாமா என்று கூப்பிட்டதுதான் அவரைக் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்திருந்தார்கள். குமாரவேல் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் தேசப்பன் வந்தார். இன் பண்ணின சட்டை, கையில் கைக்குட்டை. "மருமவ சொல்லிச்சு. நம்ம ஆளு ஒருத்தராவது பக்கத்துல இருக்கணும்ல சம்பந்தி" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆதரவுக்கு வந்த மனுஷன். இன்று உண்மையைச் சொல்லலாம் என்று குமாரவேல் விடிகாலையில் எடுத்திருந்த முடிவு, அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் ஆட்டம் கண்டது.

எதிரே ஜெயக்கொடி. மடியில் கட்டுப் போட்ட கை. கொஞ்சம் தள்ளி உதயா குந்தியிருந்தான். பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள். அதில் மங்கம்மாவும் இருந்தாள்.

நாட்டார் முதலில் உதயாவைக் கேட்டார். "நீ சொல்லுபா. தூங்கிட்டியா?"

"இல்ல. கத்துனேன்" என்றான் உதயா.

"ஓட்டுனவரு கேக்கலன்றாரே."

"நா கத்துனேன். அதுக்கு மேல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

பின்னால் யாரோ, "பாட்டிலு கத்தியிருக்கும்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். உதயா தலையைக் குனிந்து தரையில் ஒரு குச்சியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். மாமா மேல் அவன் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் அக்காள் புருஷன், அவனுக்குச் சோறு போடுகிற லாஞ்சின் சொந்தக்காரர். இரண்டையும் நினைத்து அவன் வாயைக் கட்டிக்கொண்டான் என்பது குமாரவேலுக்கு விளங்கியது. தன்னுடைய வாயும் கட்டித்தான் இருந்தது. என்ன காரணத்துக்காக என்று யோசித்தபோது அவருக்கு அழுகை முட்டியது.

"குமாரவேலு, நீ ஒரு வார்த்த சொல்லிட்டன்னா முடிச்சிரலாம். இவன் சத்தம் குடுத்தானா இல்லயா?" என்றார் நாட்டார்.

குமாரவேல் எழுந்தார். பட்டப்பகல், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மங்கம்மாவின் தாலிச் சரடு, ஜெயக்கொடியின் கைக் கட்டுத் துணியில் ஊறியிருந்த பழுப்பு, உதயாவின் கழுத்து நரம்பு.

"குடுத்தான்" என்றார்.

தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்த உதயா தலையைத் தூக்கினான்.

"கத்துனான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. எனக்குத்தான் போட்டு தெரியல. இருட்டுல எனக்கு எந்த வெளக்கும் வெளக்காத் தெரியறதில்ல, எல்லாம் வளையம் வளையமா கீது. கண்ணுக்குள்ள வச்ச லென்சு அது. என் கண்ணுக்கு ஒத்துக்காதுன்னு டாக்டரம்மா படம் போட்டே சொன்னாங்க. இருட்டுல வேல உண்டான்னு ரெண்டு தபா கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏம்பா அப்டி சொன்ன?" என்று நாட்டார் கேட்டார். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். விரல் போனதைச் சொல்வதைவிட, பழி போட்டதைச் சொல்வதைவிட, இந்தக் காரணத்தைச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவு அற்பமான காரணம் அது.

"சம்பந்தி பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. பொண்ணு குடுத்த எடத்துல நா கடலுக்குப் போறதில்லன்னு சொல்லி வச்சுகினு இருந்தேன். அவரு முன்னால ராத்திரி லாஞ்சு ஓட்றேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவருக்கு வச்சது எனக்கும் வோணும்னு இருந்துச்சு." அவர் தேசப்பன் பக்கம் திரும்பி, தலை நிமிராமலே கையைக் கூப்பினார். "ஏமாத்திட்டேன் சம்பந்தி. பொண்ணு பாக்க வந்த அன்னிலேர்ந்து ஏமாத்திகினு கீறேன்."

தேசப்பன் எழுந்து போய்விடுவார் என்று குமாரவேல் நினைத்தார். அவர் எழவில்லை. கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் தேசப்பன்.

குமாரவேலுக்கு முதலில் விளங்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். காபி டம்ளர் புடிச்ச கையப் பாத்தேன். கயிறு அறுத்த கை. எங்கப்பா கையும் அப்டித்தான் இருந்துச்சு. கடலுக்குப் போற ஆளு வூட்டுப் பொண்ணுதான் எடுக்கணும்னு நாங்க வந்ததே. நீங்க ஏன் மறைக்கிறீங்கன்னு எங்க வூட்ல பேசிக்குவோம். சரி, அவரு மனசுல இன்னாவோ, நாம்ப கிளற வோணாம்னு வுட்டுட்டோம்."

பிறகு மேலே சொன்னார்: "டாக்டரம்மா கேட்டாங்களே, அப்பவும் எனக்குத் தெரியும். நீங்க ஓட்றீங்க, ராவுலதான் வந்து சேர்றீங்கன்னு எல்லாம் தெரியும். சொல்லியிருக்கணும். நா வாயத் தொறந்தா உங்க மானம் போயிருமேன்னு செவுத்துல மாட்டுன படத்தப் பாத்துகினு ஒக்காந்துட்டேன்."

குமாரவேலுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. யாருக்குத் தெரியக்கூடாது என்று இத்தனையும் செய்தாரோ அவருக்கு முதல் நாளே தெரியும். எலுமிச்சம்பழமும் பவுடரும் யாருக்காக? அந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் அவர் பேசிய பேச்சையெல்லாம் அவர்கள் மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். பொய் சொன்னதற்குக்கூட ஒரு தேவை இருந்ததில்லை. அந்தத் தேவையில்லாத பொய்க்குத்தான் மூன்று விரல் போயிருக்கிறது. உட்கார வேண்டும் போலிருந்தது, ஆனால் அத்தனை பேர் நடுவில் தன் உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

சுவரோரம் மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். ஜெயக்கொடிதான் பேசினார். அந்தக் காலை முழுக்க அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எல்லாம் கேட்டுப் புரிந்துகொண்ட ஒருவர் சொல்கிற மாதிரி சொன்னார்.

"நீ அவருக்கு மரியாத பாத்த. அவரு ஒனக்கு மரியாத பாத்தாரு. நடுவுல என் கை போச்சு."

ஜெயக்கொடி எழுந்திருக்கப் பார்த்தார். வலது கையை ஊன்றி எழுந்தே பழகியவர், பாதி எழும்போதுதான் அது ஊன்றாது என்று நினைவு வந்து தடுமாறினார். குமாரவேல் எட்டிப் போய்க் கை நீட்டினார். அதற்குள் உதயாவும் எழுந்து வந்து கை நீட்டியிருந்தான். ஜெயக்கொடி இரண்டு கையையும் பார்த்தார். உதயாவின் கையைப் பிடித்து எழுந்து, அவன் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார்.